வாக்களிப்பு தொடங்குமுன் வந்த செய்தி

தம் செய்தித்தளத்தை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடும்படி ஞானேந்திரன் கேட்டார். சாம்பவி முடியாது என்றாள்.

அவர் அவளுடைய தாய்மாமன். அவள் ஊடகவியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது குடும்பத்தில் மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மருந்தாளர் படிப்புக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஆகவே மறுப்பு அவளுக்கு எளிதாக இருக்கவில்லை. மறுக்காமல் இருப்பது அதைவிடக் கடினமாக இருந்தது.

மொன்றியலில் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் அவள் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் நாளன்று ஐந்து செய்தித்தளங்கள் எதை, எப்போது, எந்தச் சொற்களில் வெளியிட்டன என்று ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு. கொழும்பின் ஆங்கிலத் தளம் ஒன்று, யாழ்ப்பாணத்தின் தமிழ்த் தளம் ஒன்று, சென்னைத் தளம் ஒன்று, இங்குள்ள பெரிய பிரெஞ்சுத் தளம் ஒன்று, ஐந்தாவதாக மாமாவின் தளம். தேர்தல் சனிக்கிழமை. ஐந்தின் முகப்புகளையும் அரை மணிக்கொரு தடவை படம்பிடிக்கும்படி மடிக்கணினியை ஆயத்தம் செய்துவிட்டு, வெள்ளி மாலையே அதன்முன் அமர்ந்தாள். மொன்றியலில் வெள்ளி முடியுமுன்பே யாழ்ப்பாணத்தில் சனி விடிந்துவிடுகிறது.

மாமாவின் தளம்தான் முந்திக்கொண்டது. "வடமராட்சியில் காலை ஏழு மணி முதலே நீண்ட வரிசை, ஊன்றுகோலுடன் வந்து வாக்களித்த முதியோர்" என்பது தலைப்பு. சாம்பவி கடிகாரத்தைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் அப்போது ஆறரை மணி. தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மீண்டும் கணக்கிட்டாள். ஆறரை ஆறரையாகவே இருந்தது. அதே வடமராட்சியின் பருத்தித்துறையில், வாக்களிப்பு நிலையமாகிய பாடசாலைக்கு எதிர்வீட்டில் அம்மாவின் பள்ளித்தோழர் எமிலியானுஸ் வசிக்கிறார். அவரை அழைத்தாள்.

"வரிசையோ? கேற்றே இன்னும் திறக்கேல்லைப் பிள்ளை. ரெண்டு பொலிஸ்காரர் நிண்டு தேத்தண்ணி குடிக்கினம்."

"முதியவை ஒருத்தரும் வரேல்லையோ, அங்கிள்?"

"நான் வாசலில நிக்கிறன். எனக்கு அறுபத்தொண்டு. ஊன்றுகோல் இல்லை. உன்ர படிப்புக்கு வேணுமெண்டாச் சொல்லு, பக்கத்து வீட்டில ஒண்டு வாங்கிக்கொண்டு போறன்."

செய்தி முதல்நாளே எழுதப்பட்டது என்பதில் ஐயம் இருக்கவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஞானேந்திரனுக்கு மாலைப் பணிமுறை. ஊரில் வாக்களிப்பு தொடங்கும் வேளையில் அவர் பெட்டிகளுக்கு நடுவே இருப்பார். ஆகவே செய்தியை முன்கூட்டி எழுதி, ஊர்நேரம் ஏழரைக்கு அது தானாக வெளியாகும்படி குறித்துவிட்டுப் போனார். குறித்ததில்தான் தவறினார். ஊருக்கு அழைப்பெடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் தடுமாறும் கணக்கு அது: கோடையில் ஒன்பதரை மணித்தியால வேறுபாடு, குளிரில் பத்தரை. செப்டெம்பரில் மொன்றியல் இன்னும் கோடைக் கணக்கில்தான் இருந்தது. மாமா மனத்தளவில் குளிருக்குப் போய்விட்டார். செய்தி ஒரு மணித்தியாலம் முந்தி வந்தது.

வாசகர் எவரும் கவனிக்கவில்லை. எட்டு மணியளவில் உண்மையாகவே வரிசை நீண்டது. ஊன்றுகோல்களும் வந்திருக்கக்கூடும்.

ரொக்ஸ்பரோவில் மாமாவின் வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிறு நண்பகல், இவை யாவற்றையும் சாம்பவி அவரிடமே சொன்னாள். அவளுடைய தாய் பாலாம்பிகை அடுப்படியில் நின்றாள்.

"சனம் வந்ததோ இல்லையோ?" என்றார் ஞானேந்திரன்.

"வந்தது, மாமா. நீங்கள் போட்டாப் பிறகு வந்தது."

"பிறகெண்டாலும் வந்ததுதானே. அப்ப என்ன பிழை?"

"வர முந்தியே வந்திட்டுதெண்டு போட்டிருக்கிறியள்."

"அவன் சின்னனிலயே அப்பிடித்தான்," என்றாள் பாலாம்பிகை, திரும்பாமலே. "சோதினைக்கு முதல்நாளே பாசெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போடுவான்."

"அக்கா, நீங்கள் புட்டைப் பாருங்கோ."

"புட்டு அவிஞ்சு எவ்வளவோ நேரம். நீதான் இன்னும் அவியேல்லை."

ஞானேந்திரன் நாற்காலியை மருமகளின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இஞ்ச பார் பிள்ளை. உனக்கு நாலு தளம் காணாதோ? என்னை விட்டிட்டு எழுது. மொன்றியல் சனம் காலமை எழும்பி முதல் பாக்கிறது என்ர தளத்தைத்தான். அவை இதைக் கேள்விப்பட்டா நான் கோயிலுக்கு எப்பிடிப் போறது?"

"அஞ்செண்டு எழுதிக் குடுத்திட்டன், மாமா. நாலாக்கினா ஏனெண்டு கேப்பினம்."

"கேட்டா மாமன் எண்டு சொல்லு."

"அதைத்தான் சொல்லேலாது."

அவர் அதன்பின் புட்டைத் தொடவில்லை. பாலாம்பிகை அவருடைய தட்டையும் சேர்த்து மகளின் முன் வைத்தாள். அது ஆதரவா, மிச்சமாகாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கமா என்று சாம்பவிக்குத் தெரியவில்லை.

ஆய்வு நெறியாளர் செலீனுக்கு அந்த ஆறரை மணிச் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. புலம்பெயர்ந்தோர் ஊடகங்களைப் பற்றி அவர் ஒரு தொகுப்பு நூலைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் அத்தியாயம் சாம்பவிக்கு என்று முன்னரே சொல்லியிருந்தார். அத்தியாயம் வெளிவந்தால் அடுத்த இலையுதிர்காலத்தில் அவரிடமே முனைவர் பட்டத்துக்குச் சேர்வது ஏறத்தாழ உறுதி. இருவருக்கும் அது தெரியும். இருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நிகழ்வதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட நிகழ்வு," என்றார் செலீன். "புலம்பெயர்ந்த ஊடகம் தாயகத்தைக் காண்பதில்லை, கற்பித்துக்கொள்கிறது. இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. மற்ற நான்கு தளங்களையும் அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடு. அத்தியாயம் இந்த ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும்."

சாம்பவி இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை. ஒருவர் நீக்கு என்கிறார், மற்றவர் இதை மட்டும் வை என்கிறார். இரண்டிலும் ஒப்பீடு இல்லாமற் போகிறது என்பது மட்டும் புரிந்தது. மாமாவின் தளத்தை எவ்வளவு ஐயத்தோடு படித்தாளோ, அதே ஐயத்தோடு மற்ற நான்கையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அதுவரை அப்படிப் படிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பெரிய தளங்களைப் படிக்கும்போது அவள் சொற்களைத்தான் பார்த்திருந்தாள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சென்னைத் தளம் "மாலை ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு அமைதியாக நிறைவடைந்தது" என்று எழுதியிருந்தது. வாக்களிப்பு நான்கு மணிக்கே முடிந்துவிட்டது. செய்தி வெளியானது நான்கரைக்கு. ஐந்து மணிக்கு நடந்ததை நான்கரைக்கே அறிந்திருந்தவர்கள், அது நான்கு மணிக்கே நடந்துவிட்டதை அறியவில்லை.

பிரெஞ்சுத் தளத்தின் "பலத்த பாதுகாப்புக்கு நடுவே அமைதி" என்ற பத்தி, முந்தைய ஜனாதிபதித் தேர்தல் நாளில் அதே தளம் வெளியிட்ட பத்திதான். தேதியும் வேட்பாளர் பெயர்களும் மாறியிருந்தன. அமைதி மாறவில்லை.

கொழும்பின் ஆங்கிலத் தளம், மழையையும் பொருட்படுத்தாமல் வடக்கு வாக்காளர் திரண்டதாகப் புகழ்ந்திருந்தது. அவள் மறுபடியும் பருத்தித்துறையை அழைத்தாள்.

"மழையோ?" என்றார் எமிலியானுஸ். "கிணத்தில வாளி அடி தட்டுது, பிள்ளை. அண்டைக்கு வெயிலில நிண்டு எனக்குத் தலையிடி. அவை எந்த ஊரில நிண்டவையாம்?"

"கொழும்பில."

"அப்ப கொழும்பு மழையை எங்கட தலையில ஊத்தியிருக்கினம். ஊத்தினது ஊத்தினவை, ஒரு தாங்கியிலயாவது ஊத்தியிருக்கலாம்."

யாழ்ப்பாணத் தளத்தில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அது நண்பகல்வரை எதையும் வெளியிடவில்லை. பிறகு, செய்தியாளர் நேரில் போய்ப் பார்த்ததாகத் தெரிந்த நான்கு வரிகளை வெளியிட்டது. சாம்பவியின் முதல் வரைவில் அந்தத் தளம் "தாமதமானது, விவரம் குறைந்தது" என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த வரியை அழித்தாள்.

இவற்றையெல்லாம் கேட்ட ஞானேந்திரன் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு, பண்டகசாலையின் இரைச்சலை மீறிக் கேட்டது.

"அப்ப எல்லாரும் கள்ளர்! எழுது பிள்ளை, எழுது. பேரோட எழுது. அந்தப் பெரிய பிரெஞ்சுக்காரரை விட்டிடாத."

"எழுதுவன், மாமா. நீங்களும் அதில இருக்கிறியள்."

"நான் ஏன் இனி? அவ்வளவு பெரிய ஆக்கள் அகப்பட்டாப் பிறகும் என்னையோ பிடிக்கிறாய்?"

"உங்களை விட்டிட்டு அவையைப் பிடிச்சா, அது ஒப்பீடில்லை, மாமா. கோள்மூட்டுறது."

"பிறேக் முடிஞ்சுது, வைக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

செலீன் அவளுடைய புதிய வரைவைக் கவனமாகப் படித்தார். அவர் சோம்பேறியல்லர், படித்த பின்பே மறுத்தார். மழை ஒரு கவனக்குறைவு, ஐந்து மணி ஒரு கவனக்குறைவு, பழைய பத்தி செய்தியறையின் நடைமுறை. ஆனால் ஆறரை மணிச் செய்தி ஒரு சமூகத்தின் மனநிலை என்பது அவருடைய வாதம். நவம்பரில் துறையின் ஆய்வரங்கு நடக்கிறது, அங்கே சுருக்கமான வடிவத்தைப் படி, அதுவே நூலுக்கும் போகட்டும் என்றார்.

"முழு வடிவத்தையே படிப்பேன்," என்றாள் சாம்பவி.

"உனக்குத் தரப்பட்டிருப்பது இருபது நிமிடம்."

"வேகமாகப் படிப்பேன்."

ஆய்வரங்கு வியாழக்கிழமை பிற்பகல். அரங்கில் முப்பது பேர்வரை இருந்தார்கள். சாம்பவி மேடையேறியபோது பின்வாசல் வழியாக ஞானேந்திரன் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். பணிக்குப் போகும் வழியில் வந்திருந்தார் போலும்: பண்டகசாலையின் மஞ்சள் மேற்சட்டையும் இரும்புமுனைச் சப்பாத்தும் அணிந்திருந்தார். அவள் அவரை அழைக்கவில்லை. அவரை அனுப்பியது தாய் என்பது பின்னர்தான் தெரிந்தது: "உவளுக்கு ஒருத்தரும் கைதட்டாட்டி நீ தட்டு" என்று சொல்லியிருந்தாள்.

அவள் முழு வடிவத்தையும் படித்தாள். மாமாவின் தளத்தில் தொடங்கினாள். அது தன் உறவினருடையது என்பதை முதல் வரியிலேயே சொன்னாள். பிறகு ஐந்து மணியும் மழையும் பழைய பத்தியும் வந்தன. எவரையும் குறைத்தோ கூட்டியோ சொல்லவில்லை. முடிவில் ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

தலைமை வகித்த செலீன் நன்றி கூறினார். மற்றத் தளங்களின் வழுக்கள் சுவையானவையே என்றாலும், இந்த ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு முதல் தளம்தான் என்றார். தாயகத்தைப் பிரிந்த ஒரு சமூகம், நடப்பதற்குக் காத்திராமல் தான் விரும்பும் தேர்தலைத் தானே எழுதிக்கொள்கிறது என்று விளக்கினார்.

ஞானேந்திரன் எழுந்து நின்றார்.

"பொன்ஜூர், மடாம்," என்றார். அத்தோடு பிரெஞ்சை நிறுத்திக்கொண்டார். "நான்தான் அந்தத் தளத்துக்காரன். எனக்குப் பிரெஞ்சு தெரியும். இருவது வருசமா வெயார்ஹவுசில அதிலதான் ஏச்சு வாங்கிறன். ஆனா செய்தியைத் தமிழில போட்டனான், பதிலையும் தமிழிலதான் சொல்லுவன். பிள்ளை, நீ மாத்திச் சொல்லு. மெழுகாத."

சாம்பவி மொழிபெயர்த்தாள். ஏச்சையும் விடவில்லை.

"அந்தச் செய்தியை முதல்நாள் எழுதினனான். ஓம். ஆக்கள் வர முந்தி வந்தவையெண்டு எழுதினனான். அது பிழை. நான் இல்லையெண்டு சொல்ல வரேல்லை." அவர் முன்வரிசையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஆனா மடாம், பெய்யாத மழையை எழுதினவையும் இருக்கினம். நாலு மணிக்கு மூடினதை அஞ்செண்டு எழுதினவையும் இருக்கினம். அவையின்ர பிழைக்குக் கவனக்குறைவெண்டு பேர் வைக்கிறியள். என்ர பிழைக்கு எங்கட சனத்தின்ர பேரை வைக்கிறியள். அது ஏன்?"

அவள் மொழிபெயர்த்தபோது அந்தக் கேள்வி பிரெஞ்சில் இன்னும் குறுகியது.

"சனம் விரும்பி எழுதேல்லை, மடாம். நான் எழுதினனான். எனக்கு அண்டைக்கு வேலை. என்னைக் கூண்டில ஏத்துங்கோ, ஏறுறன். தனிய ஏத்தாதேங்கோ. மற்ற மூண்டு பேரையும் பக்கத்தில நிப்பாட்டுங்கோ."

செலீன் அவரை மதிப்போடுதான் நோக்கினார். மிக முக்கியமான கேள்வி, ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்றார். ஞானேந்திரன் தலையசைத்தார், அமரவில்லை. அடுத்த பேச்சாளர் தம் முதற்பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை மஞ்சள் மேற்சட்டை பின்வரிசையில் நின்றுகொண்டே இருந்தது. பேச்சாளர் இருமுறை தடுமாறினார்.

வெளியே நடைபாதையில் செலீன் சாம்பவியைத் தனியே அழைத்தார்.

"உன் மாமா துணிச்சலானவர். அவர் கேட்டது எனக்குள் இருந்துகொண்டிருக்கும். ஆனால் நூலின் பொருள் புலம்பெயர்ந்தோர் ஊடகம். மற்ற நான்கும் அதற்கு வெளியே. சுருக்கிய வடிவத்தைத்தான் என்னால் ஏற்க முடியும்."

"அப்படியானால் என் அத்தியாயம் வேண்டாம்."

"இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அது உதவியிருக்கும், சாம்பவி."

"தெரியும்," என்றாள் சாம்பவி. "ஐந்தாகத் தொடங்கினேன். ஒன்றாக முடிக்க மாட்டேன்."

செலீன் அவளுடைய கையை ஒருமுறை அழுத்திவிட்டு அரங்குக்குள் திரும்பினார். சாம்பவி வரைவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பணிக்குப் போகுமுன் மாமா அவளைத் தம் காரில் வீட்டில் விடப் புறப்பட்டார். சென்ட் லோரன்ட் தாண்டும்போது ஞானேந்திரன் கேட்டார்:

"புத்தகத்தில வராதோ?"

"வராது."

"என்னாலயோ?"

"இல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்."

"பிறகு அந்தப் பெரிய படிப்பு?"

"வேற ஆரிட்டயும் கேட்டுப் பாப்பன். கிடைக்காட்டிக் கிடைக்காது."

"கொம்மாவுக்கு நீயே சொல்லு. நான் அந்தப் பக்கம் வரமாட்டன்." பிறகு, சற்றுக் கழித்து, "அப்ப இவ்வளவையும் எங்க போடப்போறாய்?"

"உங்கட தளத்தில."

அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து போயிற்று. அதன் ஓட்டுநர் கையால் ஏதோ சொன்னார். ஞானேந்திரன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"முழுக்கவோ?"

"முழுக்க."

"என்ர செய்தியைப் பற்றின பந்தியுமோ?"

"அதுதான் முதல் பந்தி."

"அண்டைக்குக் குசினியில புட்டுக்கு முன்னால இருந்து உன்னட்டக் கெஞ்சினனான்," என்றார். "இண்டைக்கு அம்பது வெள்ளைக்காரருக்கு முன்னால எழும்பி ஓமெண்டு சொல்லிப்போட்டு, பிறகு எங்கட சனத்துக்கு மட்டும் ஒளிச்சா, என்னை என்னெண்டு சொல்லுறது?"

"முப்பது பேர்தான், மாமா."

"நான் அம்பதெண்டுதான் போடுவன்." அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. முப்பது," என்றார்.

கட்டுரை ஞாயிறு பிற்பகல் வெளியாயிற்று. "தேர்தல் நாள்: பார்க்காமலே எழுதிய நான்கு தளங்கள்; அவற்றுள் இதுவும் ஒன்று" என்ற தலைப்பைச் சாம்பவி எழுதினாள். ஞானேந்திரன் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கட்டுரையின் கீழே வழக்கமாக மூடியிருக்கும் கருத்துப் பகுதியை மட்டும் திறந்துவிட்டார். வாறவை வரட்டும் என்றார்.

வந்தார்கள். முப்பது ஆண்டு நம்பி வாசித்ததற்கு இதுதான் பரிசா என்று ஒருவர் கேட்டார். தளம் தொடங்கிப் பதினோராண்டுதான் ஆகிறது. பிள்ளையைப் படிக்கவைத்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். கட்டுரையை உடனே அகற்றாவிட்டால் தம் கடையின் விளம்பரத்தை நிறுத்திவிடுவதாக ஒரு நகைக்கடைக்காரர் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் எழுதினார். பாலாம்பிகை அவற்றை ஒன்றுவிடாமல் உரக்க வாசித்து, நகைக்கடைக்காரரின் இடத்தில் மட்டும் நிறுத்தி, "இவனிட்ட வாங்கின சங்கிலி கறுத்துப்போச்சு, அதையும் எழுது தம்பி," என்றாள்.

டினோஜன் என்னும் வாசகர் அக்கறையோடு கேட்டிருந்தார்: "அண்ணை, உங்கட தளத்திலயே உங்களைக் கிழிச்சுப் போட்டிருக்கு. ஆரும் ஹாக் பண்ணிப்போட்டாங்களோ?"

ஞானேந்திரன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகப் பதில் எழுதினார்.

"இல்லைத் தம்பி. நான்தான் போட்டனான். எடுக்கமாட்டன்."